எல்.ஈ.டி. விளக்கு ஏன் கருகிப் போகிறது?

"பாதர், மண்ணெண்ணெய் விளக்கை விடுங்கோ, சின்ன லைற் ஒண்டு பூட்டுங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? மூண்டு மாதத்துக்குள்ள இரண்டு தரம் மாத்திப்போட்டன். இப்ப திரும்பவும் குப்பி விளக்குத்தான். பிள்ளைக்குச் சோதினை வருகுது."

தற்காலிகக் கொட்டில் ஒன்றின் வாசலில் வைத்து ஒரு தாய் எம்மிடம் இப்படிக் கேட்டார். கையில் அந்த விளக்கையும் கொண்டு வந்திருந்தார். வெட்டிய பிளாஸ்ரிக் குழாய்த் துண்டொன்றில் ஒட்டப்பட்ட எல்.ஈ.டி. நாடா. அதில் பாதி அணைந்துவிட்டது. மீதியில் சில நீலம் பாரித்து எரிந்தன. ஒன்றிரண்டு கண் சிமிட்டுவது போல விட்டு விட்டு எரிந்தன. அதற்கு மின்சாரம் கொடுத்தது லான்ட்மாஸ்ரர் ஒன்றிலிருந்து கழற்றிய பழைய 12 வோல்ற்றுப் பற்றரி. அந்தப் பற்றரிக்கு மின்னேற்றியது கூரையில் கட்டிய சிறியதொரு சூரியத் தகடு.

எல்.ஈ.டி. விளக்கு பல ஆண்டுகள் உழைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவர்கள் நாம். ஆகவே அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையும் எமக்கே உண்டு. கிடுகும் தறப்பாளும் கொண்டு அமைத்த கொட்டிலுக்குள் குப்பி விளக்கு தட்டுப்பட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. செலவும் சிறிதல்ல. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியதை யார் மறப்பார்? அப்படியிருந்தும் ஒரு குடும்பம் எல்.ஈ.டி.யைக் கைவிட்டுக் குப்பி விளக்குக்குத் திரும்புகிறது என்றால், பிழை அந்தக் குடும்பத்தினுடையது அல்ல. விளக்கை வாங்கச் சொன்ன நாம் அதற்கு எப்படி மின்சாரம் கொடுப்பது என்பதைச் சொல்லாமல் விட்டோம்.

சமையல் மூலையின் புகைதான் விளக்கைக் கெடுத்தது என்று அந்தத் தாய் நினைத்திருந்தார். விசாரித்தபோது வேறொரு செய்தி கிடைத்தது. தறப்பாள் கொட்டிலின் உட்புறம் பகலிலும் இருட்டு. ஆகவே நண்பகலில் சமைக்கும்போது இந்த விளக்கு அடுப்படியில் எரிந்தது. இரவில் அதே விளக்கு பிள்ளையின் படிப்புப் பாய்க்குப் போனது. விளக்கைக் கொன்றது அந்த நண்பகல்தான். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

குமிழும் இருவாயியும்

எல்.ஈ.டி.யை எமது பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்று அழைக்கின்றன. காலுதல் என்றால் உமிழ்தல். மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது ஒளியை உமிழ்கின்ற குறைகடத்தித் துண்டு அது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.ஈ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹொலொன்யாக் என்பவர் 1962இல் செய்து காட்டினார். பிரகாசமான நீல ஒளி வருவதற்கு மேலும் 30 ஆண்டுகள் சென்றன. யப்பானிய அறிஞர்களான அக்காசாக்கி, அமானோ, நாக்கமுரா ஆகிய மூவரின் உழைப்பால் அது கைகூடியது. அவர்களுக்கு 2014இல் நோபல் பரிசும் கிடைத்தது. நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளி தரும் ஒரு பூச்சைப் பூசினால் வெள்ளை ஒளி கிடைக்கிறது. எமது கொட்டில்களில் எரியும் வெள்ளை விளக்குகள் யாவும் உள்ளே நீல விளக்குகளே.

பழைய இழைக் குமிழுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அதன் இழை சூடேறச் சூடேறத் தடை கூடும். அழுத்தம் சற்றுக் கூடினாலும் இழையே மின்னோட்டத்தை ஓரளவு மறித்துக்கொள்ளும். எல்.ஈ.டி.யின் குணம் இதற்கு நேர்மாறானது.

குளத்துக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்குவது இலகு. குளத்தின் நீர்மட்டம் வான்கட்டுக்குக் கீழே நிற்கும்வரை வான் வழியாக ஒரு சொட்டும் பாயாது. மட்டம் கட்டின் உச்சியைத் தொட்டதும் மெல்லக் கசியத் தொடங்கும். அதற்கு மேல் நாலு விரற்கடை ஏறிவிட்டால் பாய்வது வெள்ளம். எல்.ஈ.டி. இந்த வான்கட்டைப் போன்றது. வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு 2 வோல்ற்றுக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. 2.6, 2.7 வோல்ற்றளவில் மங்கலாக எரியத் தொடங்கும். 3.2 வோல்ற்றுக்குக் கிட்ட அதற்குரிய மின்னோட்டம் பாயும். அதற்கு மேல் 0.2 அல்லது 0.3 வோல்ற்றுக் கூடினால் போதும், மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எல்.ஈ.டி. சூடேறும்போது அந்த வான்கட்டே பதிந்து போகிறது. ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறக்குறைய 2 முதல் 4 மில்லிவோல்ற்று வரை அதற்குத் தேவையான அழுத்தம் குறைகிறது. அழுத்தத்தை மாற்றாமல் வைத்தால், சூட்டினால் மின்னோட்டம் கூடும். கூடிய மின்னோட்டம் மேலும் சூட்டைத் தரும். சூடு மேலும் மின்னோட்டத்தைக் கூட்டும். வான்கட்டில் அரிப்பு விழுந்தால் வெள்ளமே அதனைப் பெரிதாக்கிக்கொண்டு போவது போன்ற நிலைதான் இது. நீலம் பாரித்து எரிதல் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தின் அடையாளம். விட்டு விட்டு எரிந்தால், உள்ளே மயிரிலும் மெல்லிய கம்பி விடுபடத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

12 வோல்ற்று என்பது 12 வோல்ற்று அல்ல

பற்றரியின் பக்கத்தில் 12 என்று எழுதியிருக்கும். அது பெயர் மட்டுமே. முழுமையாக மின்னேற்றி ஓய்வில் வைத்த ஈய அமிலப் பற்றரியின் அழுத்தம் 12.6, 12.7 வோல்ற்று. பாதி தீர்ந்ததும் 12.2 அளவில் நிற்கும். நன்றாகத் தீர்ந்தால் 11.8க்கும் கீழே போகும். மின்னேற்றும் நேரத்திலோ 14.4 வரை ஏறும். இது நல்ல பற்றரியின் கணக்கு. வாகனத்துக்கு உதவாது என்று கழித்த பற்றரியின் உள்ளே வெண்ணிறப் படிவு பிடித்திருக்கும். அது மின்னேற்றத்தை ஏற்க மறுக்கும். அப்பொழுது கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் நேரடியாக இணைத்த சூரியத் தகடு அதன் அழுத்தத்தை 15, 16 வோல்ற்று என்று ஏற்றிக்கொண்டே போகும். வசதியுள்ளவரின் புதிய பற்றரி எல்.ஈ.டி.யிடம் அடக்கமாக நடக்க, வசதியற்றவரின் கழிவுப் பற்றரி அதனை எரித்துவிடுகிறது. அந்தத் தாயின் வீட்டில் நடந்ததும் இதுவே.

கடையில் விற்கும் 12 வோல்ற்று நாடாவைக் கவனித்துப் பாருங்கள். மூன்று எல்.ஈ.டி.களுக்கு ஒன்று என்ற கணக்கில் கறுப்பு நிறத்தில் ஒரு சிறு தடையி இருக்கும். பெரும்பாலும் அது 150 ஓம் அளவினது. மூன்று எல்.ஈ.டி.களும் தொடராக 9.6 வோல்ற்றை எடுத்துக்கொள்கின்றன. மீதி அழுத்தம் தடையியின் மேல் விழுகிறது. 12 வோல்ற்றில் மீதி 2.4. அதனை 150 ஆல் வகுத்தால் 16 மில்லி அம்பியர். நல்லது. 14.4 வோல்ற்றில் மீதி 4.8. மின்னோட்டம் 32 மில்லி அம்பியர். பற்றரியின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூட, மின்னோட்டமோ இரட்டிப்பாகிவிட்டது. 16 வோல்ற்றில் அது 40ஐத் தாண்டும். அந்தச் சிறு எல்.ஈ.டி.கள் தாங்கக்கூடியது 20தான். நண்பகல் வெயிலில் தகடு மின்னேற்றிக்கொண்டிருக்க, கீழே அடுப்படியில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் அடுப்பின் சூடும் இருந்தது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெரிய தடையி போட்டால் என்ன என்று சிலர் கேட்பர். மூன்றுக்குப் பதிலாக ஓர் எல்.ஈ.டி.யை மட்டும் 470 ஓம் தடையியுடன் இணைத்தால் மின்னோட்டம் உண்மையிலேயே நிதானமாக இருக்கும். 11.4 வோல்ற்றில் 17, 14.4 வோல்ற்றில் 24 மில்லி அம்பியர். ஆனால் பற்றரியிலிருந்து எடுக்கும் சக்தியில் முக்காற் பங்கு தடையியைச் சூடாக்குவதிலேயே போய்விடும். மழைக்காலத்தில் மூன்று நாள் சூரியனைக் காணாத வீட்டில் இது கட்டுப்படியாகாத வீண்செலவு. தடையி ஒன்றை மட்டும் நம்பினால் இந்த இக்கட்டிலிருந்து தப்ப முடியாது. நிதானம் வேண்டுமென்றால் வீணாக்க வேண்டும், வீணாக்காவிட்டால் நிதானம் இராது.

துருசுக்குக் காவல் நிற்பவர்

வயலுக்குத் தண்ணீர் விடும் முறையை எண்ணிப் பாருங்கள். குளத்தில் 20 அடி நின்றாலும் 12 அடி நின்றாலும் வாய்க்காலில் ஒரே அளவு தண்ணீர் ஓட வேண்டும். அதற்காக வட்ட விதானையார் வாய்க்காலில் நட்ட அளவுகோலைப் பார்க்கிறார். மட்டம் கூடினால் துருசுக் கதவைச் சற்று இறக்குகிறார். குறைந்தால் உயர்த்துகிறார். குளத்தின் மட்டத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வாய்க்காலில் ஓடுவதைத்தான் அவர் பார்க்கிறார்.

மாறா மின்னோட்டச் சுற்றும் இதைத்தான் செய்கிறது. அழுத்தத்தை மறந்துவிட்டு, எல்.ஈ.டி. வழியாக ஓடும் மின்னோட்டத்தை மட்டும் அளந்து கட்டுப்படுத்துகிறது. இதற்கு வேண்டியவை இரண்டு திரான்சிற்றர்களும் இரண்டு தடையிகளுமே. ஒரு சிறு தடையி அளவுகோல். ஒரு சிறு திரான்சிற்றர் விதானையாரின் கண். மற்றத் திரான்சிற்றர் துருசுக் கதவு. வானொலி திருத்தும் கடைகளில் பெரும்பாலும் இவை கிடைக்கும். கதவாக பி.டி. 139, கண்ணாக பி.சி. 547. அளவுகோலாக அரை உவாற்று 2.2 ஓம் தடையி. கதவைத் திறந்து வைக்கும் வேலைக்கு அரை உவாற்று 1000 ஓம் தடையி. இவற்றோடு ஒரு உவாற்று வெள்ளை எல்.ஈ.டி. மூன்று, 1 அம்பியர் உருகி ஒன்று, ஆளி ஒன்று.

இணைக்கும் முறை இது. பற்றரியின் நேர் முனைக்கு மிக அருகில் உருகியைப் பூட்டுங்கள். அதன் பின் ஆளி. ஆளியிலிருந்து வரும் வயர் முதலாவது எல்.ஈ.டி.யின் நேர் முனைக்குப் போகிறது. அதன் மறை முனை இரண்டாவதன் நேர் முனைக்கு, இரண்டாவதன் மறை முனை மூன்றாவதன் நேர் முனைக்கு என்று மூன்றும் தொடராக இருக்க வேண்டும். மூன்றாவதன் மறை முனையை பி.டி. 139இன் சேகரிப்பானுடன் இணையுங்கள். அதன் காலியிலிருந்து 2.2 ஓம் தடையி வழியாகப் பற்றரியின் மறை முனைக்குப் போங்கள். (காலி என்றால் வெறுமை என்று எண்ண வேண்டாம். இதுவும் உமிழ்வது என்ற பொருளில் வந்த பாடநூற் சொல்லே.) இனி பி.சி. 547. அதன் அடியை, பி.டி. 139இன் காலியும் 2.2 ஓம் தடையியும் சந்திக்கும் இடத்தில் ஒட்டுங்கள். அதன் காலி நேரே பற்றரியின் மறை முனைக்கு. அதன் சேகரிப்பான் பி.டி. 139இன் அடிக்கு. கடைசியாக, ஆளிக்குப் பின்னுள்ள நேர் வயரிலிருந்து 1000 ஓம் தடையியை அதே பி.டி. 139இன் அடிக்குக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

முனைகளை மாற்றி ஒட்டுவதுதான் புதியவர்கள் விடும் பெரிய பிழை. பி.சி. 547இன் தட்டையான பக்கம் உங்களைப் பார்க்க, முனைகள் கீழ்நோக்கியிருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக சேகரிப்பான், அடி, காலி. பி.டி. 139இன் எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக காலி, சேகரிப்பான், அடி. இரண்டும் ஒரே ஒழுங்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எமது பட்டறையில் முதல் நாள் செய்த ஆறு சுற்றில் நான்கு இதனாலேயே பிழைத்தன. அதில் இரண்டு எம் கையால் ஒட்டியவை.

ஆளியைப் போட்டதும் நடப்பது இதுதான். 1000 ஓம் தடையி வழியாக வரும் சிறு மின்னோட்டம் பி.டி. 139இன் கதவைத் திறக்கிறது. எல்.ஈ.டி.களில் மின்னோட்டம் ஏறுகிறது. அதே மின்னோட்டம் 2.2 ஓம் தடையி வழியாகவும் பாய்வதால் அதன் இரு முனைகளுக்கும் இடையே அழுத்தம் ஏறுகிறது. அது 0.6 வோல்ற்றைத் தாண்ட முயலும்போது பி.சி. 547 விழித்துக்கொள்கிறது. கதவைத் திறந்து வைக்க வந்த சிறு மின்னோட்டத்தில் ஒரு பகுதியை அது மறை முனைக்குத் திருப்பிவிடுகிறது. கதவு சற்று மூடுகிறது. மின்னோட்டம் குறையப் பார்த்தால் பி.சி. 547 விட்டுக்கொடுக்கிறது. கதவு திறக்கிறது. இந்த இழுபறி கண்ணிமைக்கும் நேரத்தில் அடங்கி, 2.2 ஓம் தடையியின் மேல் 0.6 வோல்ற்றுக்குச் சற்று மேலாக நிலைத்துவிடும். 0.62ஐ 2.2 ஆல் வகுத்தால் 0.28 அம்பியர், அதாவது 280 மில்லி அம்பியர். ஒரு உவாற்று எல்.ஈ.டி.க்குரிய உச்ச அளவு 350. ஆகவே அதனை நெருக்காமல் ஓட்டுகிறோம். பற்றரி 11.4இல் நின்றாலும் 14.4இல் நின்றாலும் மின்னோட்டத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இராது.

சரியாக ஒட்டியிருக்கிறீர்களா என்பதை அறியப் பல்மானியை 2.2 ஓம் தடையியின் இரு பக்கமும் வைத்து அழுத்தத்தைப் பாருங்கள். 0.6 முதல் 0.65 வரை காட்டினால் சரி. 0.7ஐத் தாண்டினால் உடனே ஆளியை நிறுத்துங்கள். பி.சி. 547 பிழையாக ஒட்டப்பட்டிருக்கிறது, கதவுக்குக் காவல் இல்லை. மிகக் குறைவாகக் காட்டினால் பற்றரி தீர்ந்திருக்கிறது, அல்லது எல்.ஈ.டி. ஒன்று தலைகீழாக இருக்கிறது.

சூட்டை மறக்கக் கூடாது. மூன்று எல்.ஈ.டி.களையும் உள்ளங்கை அளவான அலுமினியத் தகட்டில் பதித்து வையுங்கள். தகட்டில் கை வைத்தால் தாங்கக்கூடிய சூடாக இருக்க வேண்டும். பி.டி. 139இன் மேலும் மின்னேற்றும் வேளையில் 4 வோல்ற்றுக்கு மேல் விழும். அது 1 உவாற்றுக்கு மேற்பட்ட சூடு. ஆகவே அதற்கும் ஒரு சிறு அலுமினியத் துண்டைத் திருகாணியால் பூட்ட வேண்டும். அதன் முதுகிலுள்ள உலோகம் சேகரிப்பானுடன் இணைந்தது. எனவே எல்.ஈ.டி. தகட்டையும் இதன் தகட்டையும் தொடவிடாதீர்கள். இந்தச் சுற்றுக்கு இயல்பாகவே ஒரு நற்குணம் உண்டு. பெட்டிக்குள் சூடு ஏறினால் பி.சி. 547 விழித்துக்கொள்ளும் அழுத்தம் பாகைக்கு 2 மில்லிவோல்ற்று வீதம் குறையும். 30 பாகை சூடேறினால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு குறையும். சூட்டினால் மின்னோட்டம் கூடி எரிந்துபோன நாடாவுக்கு இது நேர்மாறு.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

சிறு திரி விளக்கொன்று தரும் வெளிச்சம் ஏறக்குறைய 10 லூமென். நல்ல ஒரு உவாற்று எல்.ஈ.டி. 100 லூமென் அளவில் தரும். எனவே மூன்று எல்.ஈ.டி.கள் ஒரு கொட்டிலுக்கு மிகையான வெளிச்சம். 2.2 ஓமுக்குப் பதிலாக 4.7 ஓம் தடையியைப் போட்டால் மின்னோட்டம் 130 மில்லி அம்பியர் ஆகும். வெளிச்சம் பாதிக்குச் சற்று மேல் நிற்கும், ஏனெனில் குறைந்த மின்னோட்டத்தில் எல்.ஈ.டி. இன்னும் சிக்கனமாக உழைக்கும். பாய்க்கு மேல் இரண்டு, மூன்று அடி உயரத்தில் தொங்கவிட்டால் படிப்புக்கு இது தாராளம். 7 அம்பியர்-மணி கொண்ட சிறு பற்றரியில் பாதியை மட்டும் செலவழிப்பது என்று வைத்துக்கொண்டால், 2.2 ஓமில் 12 மணித்தியாலம் எரியும், 4.7 ஓமில் 24 மணித்தியாலத்திற்குக் கிட்ட எரியும். நாளுக்கு 4 மணித்தியாலம் என்றால் மூன்று இரவுக்கும் ஆறு இரவுக்கும் உள்ள வித்தியாசம் அது. மாரிகாலத்தில் நாம் 4.7 ஓமையே சிபாரிசு செய்வோம்.

கொஞ்சம் படித்த தம்பிமார் சிலர், எல்.எம். 317 என்ற ஒன்றிணைந்த சுற்றைப் போட்டால் ஒரு தடையியோடு வேலை முடிந்துவிடும் என்று சொல்வார்கள். உண்மைதான், அதுவும் மாறா மின்னோட்டம் தரும். 1.25ஐத் தடையின் அளவால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். ஆனால் அது தனக்கென்று 3 வோல்ற்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 9.6உடன் 3ஐக் கூட்டினால் 12.6. பற்றரி முழுமையாக இருந்தாற்கூட மூன்று எல்.ஈ.டி.களுக்குப் போதாது, விளக்கு மங்கிவிடும். இரண்டு எல்.ஈ.டி.களுக்குச் சரி, ஆனால் சக்தியில் பாதி சூடாகப் போகும். எமது இரண்டு திரான்சிற்றர் சுற்றுக்கு 1 வோல்ற்றுக்கும் குறைவான இடைவெளி போதும். கம்பிச் சுருள் வைத்துச் செய்த, மின்னோட்டத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் கருவிகளும் கடைகளில் உண்டு. அவை இன்னும் சிக்கனமானவை. கிடைத்தால் வாங்கலாம். பழுதானால் திருத்த முடியாது என்பது மட்டுமே குறை.

எல்.ஈ.டி.களைச் சமாந்தரமாக இணைத்து ஒரே சுற்றிலிருந்து மின்னோட்டம் கொடுக்கலாமா? வேண்டாம். ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு எல்.ஈ.டி.களுக்கும் வான்கட்டின் உயரம் ஒன்றாக இராது. பதிந்தது எதுவோ அதன் வழியாகவே பெரும்பங்கு பாயும். அது சூடாகி மேலும் பதியும். தொடராக இணைத்தால் மூன்றிலும் ஒரே மின்னோட்டம் பாய்ந்தே தீர வேண்டும். அதில் ஒன்று உள்ளே குறுக்குச்சுற்றாகிச் செத்தாலும் மற்ற இரண்டும் அதே அளவில் எரியும். அப்பொழுது பி.டி. 139 கூடுதலாகச் சூடேறும். ஆகவே செத்ததை விரைவில் மாற்றிவிடுங்கள்.

கடையில் வாங்கும் 12 வோல்ற்று எல்.ஈ.டி. குமிழ்களில் நல்லவற்றுக்குள் இப்படியான கட்டுப்பாடு ஏற்கனவே உண்டு. அதை அறிய ஓர் இலகுவான வழி. குமிழ் எரியும்போதே பல்மானியைத் தொடராக இணைத்து மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் பற்றரிக்கு மின்னேற்றத் தொடங்கி, அழுத்தம் 14 அளவுக்கு ஏறியதும் மீண்டும் பாருங்கள். மின்னோட்டம் மாறாமல் நின்றாலோ சற்றுக் குறைந்தாலோ நம்பி வாங்கலாம். ஒன்றரை மடங்காகக் கூடினால் உள்ளே இருப்பது வெறும் தடையிதான்.

டைனமோவின் இரகசியம்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கழித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு நினைவிருக்கும். பற்றரி கொண்டுவரத் தடை. மண்ணெண்ணெய்க்கு ஆலாய்ப் பறந்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் சில்லைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வீடே கூடியிருந்து வானொலிச் செய்தி கேட்டோம். அந்தச் சைக்கிள் டைனமோ இயல்பாகவே ஏறக்குறைய மாறா மின்னோட்டம் தரும் கருவி என்பதை அன்று நாம் அறியவில்லை.

வேகமாகச் சுற்றினால் டைனமோவின் அழுத்தம் கூடுகிறது. ஆனால் அதனுடன் மின்னோட்டம் திசை மாறும் வேகமும் கூடுகிறது. டைனமோவுக்குள்ளே இருக்கும் கம்பிச் சுருள், திசை மாறும் வேகம் கூடக்கூட அதிகமாக மறிக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், ஓரளவு வேகத்திற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் அரை அம்பியருக்குச் சற்று மேல்தான் பாயும். 6 வோல்ற்று, 3 உவாற்று என்று அதில் எழுதியிருப்பதும் அந்த அரை அம்பியர்தான். நான்கு சீராக்கி இருவாயிகளைப் பால இணைப்பில் வைத்து, 3 உவாற்று எல்.ஈ.டி. இரண்டைத் தொடராக இணைத்தால் வேறு எந்தக் கட்டுப்பாடும் தேவையில்லை. 3 உவாற்று எல்.ஈ.டி. 700 மில்லி அம்பியர் வரை தாங்கும். ஒரு உவாற்று எல்.ஈ.டி. இதற்கு உதவாது. அன்று வெள்ளை எல்.ஈ.டி. எம் கைக்கு எட்டியிருந்தால் எத்தனை பிள்ளைகளின் கண்கள் புகையிலிருந்து தப்பியிருக்கும்.

சிவப்புப் பொட்டு

இந்தச் சுற்றைப் பாவிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. இதனை நாம் பட்டுத்தான் அறிந்தோம். வெறும் தடையி வைத்த விளக்கு, பற்றரி தீரத் தீர மங்கி மங்கி வரும். வீட்டுக்காரருக்கு அதுவே அறிவித்தல். மாறா மின்னோட்ட விளக்கு மங்காது. 10.5 வோல்ற்று வரை ஒரே பிரகாசத்தில் எரிந்து, பின்பு சடுதியாக விழுந்துவிடும். அந்த நேரம் பற்றரி தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டியிருக்கும். ஈய அமிலப் பற்றரியை இப்படிப் பல தடவை வற்றவிட்டால் தகடுகளில் படிவு இறுகி, அது திரும்ப எழும்பாது. எல்.ஈ.டி.யைக் காப்பாற்றி பற்றரியைச் சாகடித்த கதை இரண்டு வீடுகளில் நடந்தது. இரண்டு பற்றரிகளும் நாம் கொடுத்த விளக்கை நம்பியவர்களின் பற்றரிகள்.

இதற்குப் பரிகாரம் இன்னொரு சிறு வான்கட்டு. 10 வோல்ற்று சேனர் இருவாயி ஒன்று, சிறிய சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று, 220 ஓம் தடையி ஒன்று. இம்மூன்றையும் தொடராக ஆளிக்குப் பின்னால், நேர் வயருக்கும் மறை வயருக்கும் இடையே இணையுங்கள். சேனரின் கோடு போட்ட பக்கம் நேர் வயரைப் பார்க்க வேண்டும். சிவப்பு எல்.ஈ.டி. வழமைபோல் நேர் முனை நேர்ப் பக்கமாக. சேனருக்கு 10 வோல்ற்று, சிவப்புக்கு 1.8 வோல்ற்று, மொத்தம் 11.8. பற்றரி அதற்கு மேல் நிற்கும்வரை சிவப்புப் பொட்டு தெரியும். 11.8க்குக் கிட்ட வரும்போது மங்கி, கீழே போனதும் அணைந்துவிடும். சேனர்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே முதல் முறை அது அணையும்போது பல்மானியால் பற்றரியை அளந்து பாருங்கள். 11.5க்கும் 12க்கும் இடையில் இருந்தால் போதும்.

அந்தத் தாயின் கொட்டிலில் இப்போது 4.7 ஓம் விளக்கும், சூரியத் தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையே மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவியும், பற்றரிப் பெட்டியின் மூடியில் சிவப்புப் பொட்டும் இருக்கின்றன. பொட்டைப் பார்த்து விளக்கை நிறுத்தும் பொறுப்பை மகள் எடுத்திருக்கிறாள். சோதினைக்கு முந்திய இரவு மட்டும், பொட்டு அணைந்த பிறகும் அரை மணித்தியாலம் எரியவிட்டதாக எம்மிடம் ஒப்புக்கொண்டாள். மறுநாள் நல்ல வெயில், பற்றரிக்கு ஒன்றும் ஆகவில்லை.